ஃபியூஸ் போகவில்லை, ஹோல்டர் உருகிவிட்டது: ஆர்.வி. விளக்குகளில் சூடேறும் இணைப்புகளைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது எப்படி?

"என்னங்க, மீன் வாடை அடிக்குதே?" என்றாள் மனைவி. டெக்சாஸின் கார்னர் ஸ்டேட் பார்க்கில் எங்கள் டிரெய்லரை (வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போகும் நடமாடும் வீடு; இந்த மாதிரி வண்டிகளை அமெரிக்காவில் ஆர்.வி. என்பார்கள்) நிறுத்தியிருந்த இரண்டாம் நாள் ராத்திரி. அன்றைக்குச் சமையல் ரசமும் உருளைக்கிழங்குப் பொரியலும்தான். குப்பைக்கூடை, சிங்க், ஃபிரிட்ஜ் என்று ஒவ்வொன்றாக மோந்து பார்த்துவிட்டு, கடைசியில் சாப்பாட்டு மேசைக்கு மேலே இருந்த டபுள் லைட்டுக்குக் கீழே வந்து நின்றோம். வாடை அங்கிருந்துதான் வந்தது. லைட்டின் வெள்ளை மூடி ஒரு மூலையில் டீக்கறை படிந்த மாதிரி பழுத்திருந்தது. தொட்டால் சுரீர் என்றது.

சுவிட்ச், ஹோல்டர், கனெக்டர் செய்யப் பயன்படும் சில பிளாஸ்டிக்குகள் அளவுக்கு மீறிச் சூடானால் கெட்ட மீன் மாதிரி நாறும். வண்டியில் மீன் இல்லாமல் மீன் வாடை வந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது மின் இணைப்பைத்தான்.

எல்லாவற்றையும் அணைத்து, ஆறவிட்டு, இரண்டு திருகைக் கழற்றி லைட்டை இறக்கினேன். பல்பு ஹோல்டர் பழுப்பாகி, ஒரு பக்கம் வளைந்திருந்தது. அதற்குப் பின்னால், கூரைப் பலகையின் ஓட்டைக்குள் செருகியிருந்த நீல நிற கனெக்டர் பாதி உருகி ஒயரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒயரின் உறை அந்த இடத்தில் வறுத்த அப்பளம் மாதிரி விறைத்து, வளைத்தால் பொடிந்தது. ஃபியூஸைப் போய்ப் பார்த்தால், நீல நிற 15 ஆம்பியர் ஃபியூஸ் புத்தம் புதிது போல இருந்தது.

மதுரையில் ஒயர்மேனாக இருக்கும் மச்சானுக்கு போட்டோ அனுப்பினேன். உடனே கூப்பிட்டான். "மாப்ள, ஃபியூஸ் போகலைன்னு சந்தோசப்படாத. லூஸ் கான்டாக்ட்டுக்கு ஃபியூஸ் என்னைக்குமே போகாது" என்றான்.

இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு வரியின் விரிவுரைதான்.

ஃபியூஸ் ஏன் சும்மா இருந்தது?

ஃபியூஸுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: தன் வழியாக எத்தனை ஆம்பியர் போகிறது என்பது. அளவுக்கு மேல் போனால் அறுந்துகொள்ளும். இணைப்பு தளர்ந்தாலோ களிம்பு ஏறினாலோ அங்கே தடை கூடும். தடை கூடினால் மின்னோட்டம் கொஞ்சம் குறையத்தான் செய்யும். ஃபியூஸுக்கு அது நல்ல செய்தி. ஆனால் போகிற மின்னோட்டம் அந்தத் தளர்ந்த இடத்தில் உராய்ந்து உராய்ந்து வெப்பமாக மாறுகிறது.

கணக்கு சின்னதுதான். வெப்பம் என்பது மின்னோட்டத்தின் வர்க்கம் பெருக்கல் தடை. என் டிரெய்லர் 2006 மாடல். கூரை லைட்டுகளில் 921 என்ற நம்பர் போட்ட, அடிப்பாகம் தட்டையாகச் செருகும் பல்புகள். ஒன்று 1.4 ஆம்பியர் இழுக்கும். ஒரு டபுள் லைட்டுக்கு 2.8. அந்த வரிசையில் ஐந்து டபுள் லைட்டுகள், ஆக மொத்தம் 14 ஆம்பியர். பிள்ளைகள் அன்று எல்லா லைட்டையும் போட்டு வைத்திருந்தார்கள். 15 ஆம்பியர் ஃபியூஸ் 14 ஆம்பியருக்கு அறாது.

இப்போது வழியில் ஒரு ஜாயின்ட்டின் தடை வெறும் 0.05 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 14 பெருக்கல் 14 பெருக்கல் 0.05, ஏறக்குறைய 10 வாட். கேட்க ஒன்றுமில்லாதது போலத் தோன்றும். ஆனால் சாதாரண சின்ன சால்டரிங் அயனே 25 வாட்தான். அதில் ஐந்தில் இரண்டு பங்கு சூட்டைக் கட்டைவிரல் நுனியளவு இடத்தில், மெல்லிய பிளைவுட்டுக்கும் இன்சுலேஷனுக்கும் நடுவில் அடைத்து வைத்து மூன்று மணி நேரம் விட்டால் என்ன ஆகும்? சூடான பித்தளை ஸ்பிரிங் விறைப்பை இழக்கும், பிடி தளரும், செம்பின் மேல் ஆக்சைடு படலம் தடிக்கும், தடை இன்னும் கூடும், சூடு இன்னும் ஏறும். இது தன்னைத்தானே தின்று வளரும் நோய். எனவே "லேசாகத்தான் சுடுது, அடுத்த வருஷம் பார்ப்போம்" என்பது இதில் செல்லாது.

இன்னொரு விஷயம். ஆர்.வி. லைட்டுகள் பெரும்பாலும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எனச் சங்கிலி போல ஒயர் இழுக்கப்பட்டிருக்கும். ஃபியூஸ் பெட்டிக்கு மிக அருகில் உள்ள முதல் லைட்டின் ஜாயின்ட், பின்னால் இருக்கும் எல்லா லைட்டுகளின் சுமையையும் தாங்குகிறது. என் மேசை லைட்தான் அந்த வரிசையில் முதலாவது. கடைசி லைட்டில் இதே கெட்ட ஜாயின்ட் இருந்திருந்தால் 2.8 ஆம்பியருக்கு அரை வாட்டுக்கும் குறைவாகவே சூடேறியிருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது. ஆகவே ஃபியூஸ் பெட்டிப் பக்கத்திலிருந்து தேட ஆரம்பியுங்கள்.

முதலில் கண், மூக்கு, கை

கருவி எடுப்பதற்கு முன் எல்லா லைட்டையும் போட்டுவிட்டு அரை மணி நேரம் பக்கத்திலேயே இருங்கள். கரண்ட் கொடுத்துவிட்டு வெளியே போகாதீர்கள். அப்புறம் ஒவ்வொரு லைட்டையும் பாருங்கள்: மூடியில் மஞ்சள் அல்லது பழுப்புத் திட்டு, வளைந்த விளிம்பு, லைட்டைச் சுற்றிக் கூரைப் பலகையில் நிறமாற்றம். சுவிட்சை லேசாக அசைத்தால் சிமிட்டுகிறதா? ஒரு லைட்டைப் போட்டால் இன்னொன்று மங்குகிறதா? மங்கினால் இரண்டுக்கும் பொதுவான வழியில் கோளாறு.

இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தால் நல்லது. ஆனால் பளபளக்கும் உலோகத்தின் மேல் அதைக் காட்டினால் குறைத்துத்தான் காட்டும். ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி, அதன் மேல் காட்டுங்கள். எத்தனை டிகிரி என்ற எண்ணைவிட, ஒரே மாதிரி இரண்டு லைட்டுகளை ஒப்பிடுவதே எனக்கு உதவியது. சாதாரண பல்பு போட்ட லைட் எப்படியும் சுடும். ஆனால் அதன் அண்ணன் தம்பிகளைவிட ஒன்று மட்டும் 15 டிகிரி கூட இருந்தால் அதற்குக் காரணம் இருக்கிறது.

பல்பின் சூடு எது, இணைப்பின் சூடு எது என்று பிரித்துப் பார்ப்பதும் முக்கியம். மூடியின் நடுவில், பல்புக்கு நேர் எதிரே பழுத்திருந்தால் பல்பு அளவு மீறியிருக்கலாம். ஹோல்டர் பக்கமோ ஒயர் நுழையும் பக்கமோ பழுத்திருந்தால் அது இணைப்பு. என்னுடையது மூலையில் இருந்தது.

பல்பு நம்பரைப் படியுங்கள்

இது ஐந்து நிமிட வேலை. பழைய ஆர்.வி.களில் இருக்கும் குண்டு பல்பு 1141, சுமார் 18 வாட். அதே ஹோல்டரில் 1156 என்ற பல்பும் கச்சிதமாக உட்காரும். அது 27 வாட். "இன்னும் வெளிச்சமா இருக்கும்" என்று முந்தைய உரிமையாளர் யாராவது மாற்றியிருந்தால் ஹோல்டர் ஒன்றரை மடங்கு சூட்டைச் சுமக்கிறது. செருகு பல்புகளில் இதற்கு நேர்மாறாக ஒரு வசதி உண்டு. 921 உட்காரும் இடத்தில் 1 ஆம்பியர் இழுக்கும் 912-ம், 0.7 ஆம்பியர் இழுக்கும் 906-ம் உட்காரும்.

கூடவே, 120 வோல்ட்டை 12 வோல்ட் டி.சி.யாக மாற்றித் தரும் கன்வெர்ட்டரின் வோல்ட்டேஜையும் பாருங்கள். பார்க்கின் 120 வோல்ட்டில் செருகியிருக்கும்போது அது 13.6 வோல்ட் அளவில் தரும்; பேட்டரி இறங்கியிருந்தால் கொஞ்ச நேரம் 14.4 வரை ஏறும். அது சகஜம். இந்தப் பல்புகளில் பெரும்பாலானவை 12.8 வோல்ட்டுக்குக் கணக்கிடப்பட்டவை. 13.6-இல் எரித்தால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். மணிக்கணக்காக 15-ஐத் தாண்டி நின்றால் குற்றவாளி ஜாயின்ட் இல்லை, கன்வெர்ட்டர்.

மீட்டரை எங்கே வைப்பது?

பெரும்பாலானோர் தவறு செய்வது இங்கேதான். கரண்டை நிறுத்திவிட்டு மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து ஜாயின்ட்டைச் சோதிப்பார்கள். "பீப்" என்று கத்தும். சரி, நல்லாத்தான் இருக்கு என்று மூடிவிடுவார்கள். பத்தொன்பது இழைகள் உள்ள ஒயரில் ஒரே ஒரு இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் மீட்டர் பீப் அடிக்கும். சாதாரண மீட்டரால் 0.05 ஓமை நம்பகமாக அளக்கவும் முடியாது; அதன் கம்பிகளுக்கே அதைவிடத் தடை அதிகம்.

சரியான வழி: சுமை ஓடும்போது, இணைப்பின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் நடுவே எத்தனை வோல்ட் காணாமல் போகிறது என்று பார்ப்பது. மீட்டரை டி.சி. வோல்ட்டில் வையுங்கள். 12 வோல்ட் ஷாக் அடிக்காது, ஆனால் மோதிரமோ வளையலோ பாசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் நடுவே மாட்டினால் சதையைச் சுட்டுவிடும். கழற்றி வைத்துவிடுங்கள். அதே லைட் பெட்டிக்குள் 120 வோல்ட் ஒயரும் வருகிறது என்று தெரிந்தால் அங்கேயே நிறுத்தி, விஷயம் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

1. எல்லா லைட்டையும் போடுங்கள். ஃபியூஸ் பெட்டியில், லைட் ஃபியூஸைத் தாண்டிய டெர்மினலுக்கும் நெகட்டிவ் பாருக்கும் (நெகட்டிவ் ஒயர்கள் எல்லாம் வந்து சேரும் பட்டை) நடுவே அளந்து எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு 13.5.

2. சந்தேக லைட்டின் ஹோல்டர் டெர்மினல்களில் அளங்கள். எனக்கு 12.3. ஆக, 1.2 வோல்ட் வழியில் காணோம்.

3. அது எந்தப் பக்கம் போனது? ஒரு நீள ஒயரை மீட்டர் கம்பியோடு சேர்த்து, ஃபியூஸ் டெர்மினலிலிருந்து லைட்டின் பாசிட்டிவ் வரை ஒரு அளவு, நெகட்டிவ் பாரிலிருந்து லைட்டின் நெகட்டிவ் வரை இன்னொரு அளவு. எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் தேடினால் போதும். நெகட்டிவ் பக்கத்தை மறந்துவிடாதீர்கள். போகிற கரண்ட் அத்தனையும் திரும்பியும் வர வேண்டும்.

4. இனி அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு இணைப்பாக, இரண்டு ஓரத்திலும் கம்பியை வைத்து அளங்கள். உறை மூடியிருந்தால் தையல் ஊசியை ஒயரில் குத்தி அதைத் தொடலாம். பிறகு அந்த ஓட்டையை மூடிவிட வேண்டும்.

நீல கனெக்டரில் மட்டும் எனக்கு 0.7 வோல்ட் விழுந்தது. உருகிய பின்னும் அது வேலை செய்துகொண்டுதான் இருந்தது, பாருங்கள். 0.7-ஐ 14-ஆல் வகுத்தால் 0.05 ஓம். 14 கேஜ் (கேஜ் என்பது ஒயரின் தடிமனைச் சொல்லும் எண்) செம்பு ஒயரில் ஒரு மீட்டர் நீளத்துக்கு சுமார் 8 மில்லி ஓம் தடை. அப்படியானால் இரண்டு விரற்கடை நீளமுள்ள அந்த கனெக்டர் ஆறு மீட்டர் ஒயருக்குச் சமமான தடையாக உட்கார்ந்திருந்தது. மீதி 0.5 வோல்ட் ஒயரிலேயே போனது. அது நீளத்தில் பரவிப் போவதால் ஆபத்தில்லை.

நான் வைத்திருக்கும் அளவுகோல் இது: நல்ல ஜாயின்ட்டில் 0.05 வோல்ட்டுக்குக் கீழே, சுவிட்சிலும் ஃபியூஸ் பிடியிலும் 0.1 வரை. 0.2-ஐத் தாண்டினால் கழற்றிப் பார்த்தே தீர வேண்டும்.

கழற்றுவதற்கு முன் நாலு வாசலையும் அடையுங்கள்

வீட்டில் மெயினை அணைத்தால் முடிந்தது. ஆர்.வி.யில் கரண்ட் வர நாலு வழி உண்டு, ஒன்றை அடைத்தால் இன்னொன்று வழியாக வரும். பார்க்கின் 120 வோல்ட் கேபிளைப் பிடுங்குங்கள். இல்லாவிட்டால் பேட்டரியைக் கழற்றினாலும் கன்வெர்ட்டர் 12 வோல்ட்டைத் தந்துகொண்டே இருக்கும். ஜெனரேட்டரும் இந்தக் கணக்கில்தான் வரும். சோலார் இருந்தால் முதலில் பேனலைத் துண்டியுங்கள், பிறகு பேட்டரி. பேனல் ஓடும்போது பேட்டரியை மட்டும் எடுப்பது சார்ஜ் கன்ட்ரோலருக்கு நல்லதில்லை. பேட்டரியில் நெகட்டிவை முதலில் கழற்றுங்கள். நாலாவது, இழுக்கும் வண்டியோடு மாட்டிய ஏழு முள் பிளக். அதில் ஒரு முள் பேட்டரி சார்ஜுக்கான 12 வோல்ட்.

ஒயர் நிறம் பற்றி ஒரு எச்சரிக்கை. பல அமெரிக்க ஆர்.வி.களில் 12 வோல்ட் பக்கத்தில் கறுப்பு பாசிட்டிவ், வெள்ளை நெகட்டிவ். கார் பழக்கத்தில் "கறுப்புன்னா நெகட்டிவ்" என்று மாட்டினால் ஷார்ட். அதைவிட மோசம், 120 வோல்ட் பக்கத்திலும் அதே கறுப்பும் வெள்ளையும்தான். நிறத்தை நம்பாதீர்கள், மீட்டரை நம்புங்கள்.

ஜாயின்ட்டை மறுபடி போடுவது

கருகிய இடத்தை மட்டும் வெட்டினால் போதாது. சூடு ஒயருக்குள் ஊர்ந்திருக்கும். உறையைச் சீவிப் பாருங்கள். செம்பு கறுத்தோ பச்சைக் களிம்பேறியோ இருந்தால் இன்னும் கொஞ்சம் வெட்டுங்கள். பளிச்சென்ற செம்பு நிறம் தெரியும்வரை வெட்டணும். எனக்கு ஏழு சென்டிமீட்டர் போனது. ஒயர் எட்டாமல் போனால் அதே கேஜில் ஒரு துண்டு சேர்க்கலாம். சுவருக்குள்ளே வரைக்கும் கறுத்திருந்தால் புது ஒயர் இழுப்பதைத் தவிர வேறு வழியில்லை. மரப்பலகை கரியாகியிருந்தால் அந்த இடத்தைச் சுரண்டி, பின்னால் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்காமல் மூடாதீர்கள்.

ஊர்ப் பழக்கம் ஒன்று என்னிடம் இருந்தது: இரண்டு ஒயரையும் முறுக்கி, கறுப்பு டேப்பை நாலு சுற்று சுற்றுவது. வீட்டுச் சுவரில் அது எப்படியோ தாக்குப்பிடிக்கும். ஓடுகிற வண்டியில், டெக்சாஸ் கோடையில் பூட்டிய டிரெய்லருக்குள் 50 டிகிரி ஏறும்போது டேப்பின் பசை இளகிப் பிசுபிசுத்து வழுக்கும். முறுக்கு அதிர்வில் தளரும். முறுக்கிப் போடும் பிளாஸ்டிக் தொப்பி கனெக்டரும் அதே கதைதான், அதுவும் இழை ஒயரில். ஓடும் ஒயரைக் கடித்துப் பிடிக்கும் கிளிப் கனெக்டர்களை நான் பார்த்தவுடன் வெட்டி எறிகிறேன். அந்தக் கடி இழைகளை அறுக்கும், ஈரமும் உள்ளே போகும்.

நான் போடுவது கிரிம்ப் ஜாயின்ட், அதாவது ஒயரை உலோகக் குழாய்க்குள் செருகி அழுத்திப் பிடிக்க வைப்பது. சிவப்பு 22 முதல் 18 கேஜுக்கு, நீலம் 16, 14-க்கு, மஞ்சள் 12, 10-க்கு. என் டிரெய்லரில் உருகியதும் நீலம்தான், அளவு சரிதான், அழுத்தியவர்தான் சரியாக அழுத்தவில்லை. ஒரு இழுப்பில் ஒயர் கையோடு வந்துவிட்டது.

உறையை எட்டு மில்லிமீட்டர் அளவு சீவுங்கள், ஒரு இழைகூட அறுபடக் கூடாது. சீவியதை முறுக்காமல் நேராகச் செருகுங்கள். கட்டிங் பிளேயரால் நசுக்காதீர்கள். முழு அழுத்தம் வந்தால்தான் வாய் திறக்கும் ராட்செட் கிரிம்பிங் டூல் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இந்த வேலையில் காசு போட வேண்டிய ஒரே கருவி அதுதான் என்பேன். அழுத்தியதும் இரண்டு பக்கமும் நன்றாக இழுத்துப் பாருங்கள். நீங்கள் இழுத்தே வந்துவிடுவது ரோட்டில் நிற்காது. உள்ளே பசை உள்ள, சூடுபட்டால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் வகை கனெக்டராக இருந்தால், சூடுகாட்டும்போது ஓரத்தில் பசை கசியும்வரை காட்டுங்கள். அப்போதுதான் ஈரம் புகாது.

சால்டர் வைக்கலாமே என்பார்கள். வைக்கலாம், ஆனால் அதை மட்டும் நம்பி வேண்டாம். ஈயம் இழைகளுக்குள் ஊறி விறைப்பாக்கும். விறைப்பு முடிந்து வளையும் ஒயர் தொடங்கும் இடத்தில் அதிர்வால் அறும். அமெரிக்காவில் படகுகளுக்கான ஏ.பி.ஒய்.சி. மின் விதிகளும் ஈயத்தை மட்டுமே பிடிமானமாக வைக்கக் கூடாது என்றே சொல்கின்றன. படகும் ஆர்.வி.யும் அதிர்வில் சொந்தக்காரர்கள்தான்.

இடம் குறுகலாக இருந்து கிரிம்ப் டூல் நுழையாவிட்டால், வேகோ 221 மாதிரி லீவர் கனெக்டர் போடலாம். 24 முதல் 12 கேஜ் வரை பிடிக்கும், இழை ஒயரையும் ஏற்கும். பின்னாளில் லைட்டை மாற்றுவதும் சுலபம். தோற்றத்தில் அதே மாதிரி மலிவுப் பிரதிகள் நிறைய விற்கின்றன, கவனம்.

ஹோல்டரைத் தேய்த்துப் பிழைக்க வைக்கலாமா?

களிம்பு மட்டும் ஏறியிருந்தால் சரி, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, கான்டாக்ட் கிளீனர் அடித்து, பித்தளைத் தகட்டைக் கொஞ்சம் உள்பக்கம் வளைத்துவிட்டால் ஓடும். ஆனால் தகடு ஒருமுறை நிறம் மாறிச் சூடுபட்டுவிட்டால் அதன் ஸ்பிரிங் குணம் திரும்ப வராது. வளைத்தால் வளைந்த இடத்திலேயே நிற்கும், பல்பைப் பிடிக்காது. பழுப்பேறிய ஹோல்டரைத் தூக்கிப்போட்டுவிட்டு லைட்டையே மாற்றுங்கள். லைட்டிலேயே இருக்கும் சின்ன சுவிட்சும் அப்படித்தான், உள்ளே கான்டாக்ட் குழி விழுந்தால் எதுவும் செய்ய முடியாது.

ஃபியூஸ் பெட்டி

ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கி அதன் கால்களைப் பாருங்கள். நான் அப்படிப் பார்த்தபோது வாட்டர் பம்ப் ஃபியூஸில் ஒரு காலைச் சுற்றி பிளாஸ்டிக் உருகி வழிந்திருந்தது. கண்ணாடி போன்ற மேல் பகுதியில் இழை முழுசாக, அறாமல் இருந்தது. ஃபியூஸ் தன் காலடியில் எரிவதையே உணரவில்லை. ஃபியூஸைப் பிடிக்கும் கவ்வி தளர்ந்ததுதான் காரணம். புது ஃபியூஸ் செருகும்போது இறுக்கமாகப் போகணும். வெண்ணெயில் கத்தி மாதிரி போனால் அந்தக் கவ்வி செத்துவிட்டது. அந்த ஒயரைக் காலியான வேறு இடத்துக்கு மாற்றுங்கள் அல்லது பெட்டியை மாற்றுங்கள். ஒயர்களைப் பிடிக்கும் திருகுகளையும் ஒருமுறை முடுக்குங்கள். வருஷக்கணக்கான அதிர்வில் கால் சுற்று, அரைச் சுற்று இளகியிருக்கும்.

14 கேஜ் ஒயருக்கு நீல 15 ஆம்பியர் ஃபியூஸ்தான். மஞ்சள் 20, பச்சை 30 எதுவும் வேண்டாம்.

எல்.இ.டி. மாற்றினால் தீருமா?

பாதி தீரும். பத்து பல்பையும் எல்.இ.டி. ஆக்கினால் ஒன்றுக்கு கால் ஆம்பியர் வீதம் மொத்தம் 2.5 ஆம்பியர். சூடு வர்க்கத்தில் குறைவதால் அதே கெட்ட ஜாயின்ட்டில் 10 வாட் இருந்த இடத்தில் 0.3 வாட். உண்மையிலேயே பெரிய லாபம், நானும் மாற்றிவிட்டேன். வாங்கும்போது 10 முதல் 30 வோல்ட் வரை தாங்கும் டிரைவர் (மின்னோட்டத்தைச் சீராக வைக்கும் சின்ன சர்க்யூட்) உள்ளதைப் பாருங்கள். ரெசிஸ்டர் மட்டும் வைத்த மலிவு வகை 14.4 வோல்ட்டில் தானே சூடாகிச் சாகும்.

ஆனால் வரிசை முக்கியம். எல்.இ.டி. மாற்றுவதற்கு முன்பே அளந்துவிடுங்கள். மாற்றிய பிறகு அதே கெட்ட ஜாயின்ட் வெறும் 0.12 வோல்ட்தான் காட்டும். "பரவாயில்லை" என்று விட்டுவிடுவீர்கள். பிறகு ஒரு நாள் அதே ஒயரிலிருந்து ஃபேனுக்கோ போன் சார்ஜருக்கோ கிளை எடுப்பீர்கள், பழைய நோய் எழுந்துகொள்ளும். ஏற்கெனவே எல்.இ.டி. உள்ள வண்டி என்றால், 55 வாட் கார் ஹெட்லைட் பல்பு ஒன்றுக்கு இரண்டு ஒயர் வைத்து, வரிசையின் கடைசி லைட் டெர்மினலில் சில நிமிடம் மாட்டி அளங்கள். அது மட்டுமே நாலரை ஆம்பியர் இழுக்கும். பல்பைக் கையால் பிடிக்காதீர்கள், பிளாஸ்டிக் மேலும் வைக்காதீர்கள். நான் அடுப்புத் தட்டின் மேல் வைத்தேன்.

வெளி விளக்குகளும் வெள்ளை ஒயரும்

டிரெய்லரின் பின் விளக்கில் கோளாறு என்றால் பத்தில் ஒன்பது முறை நெகட்டிவ்தான் என்று என் அனுபவத்தில் சொல்வேன். ஏழு முள் பிளக்கில் பிரேக், இண்டிகேட்டர், பின் விளக்கு, சார்ஜ் எல்லாவற்றுக்கும் தனித்தனி முள். திரும்பி வர மட்டும் ஒரே வெள்ளை ஒயர். இரண்டு அச்சு டிரெய்லரில் நாலு பிரேக் காந்தங்கள் உண்டு, ஒவ்வொன்றும் சுமார் 3 ஆம்பியர். இரவில் விளக்கு எரிய, பிரேக்கும் மிதித்தால் அந்த ஒரு முள்ளில் எவ்வளவு போகும் என்று பாருங்கள். பிரேக் மிதிக்கும்போது பின் விளக்கு மங்கினாலோ, இண்டிகேட்டரோடு சேர்ந்து வேறு விளக்கும் சிமிட்டினாலோ, கரண்ட் திரும்ப வழி தெரியாமல் அலைகிறது என்று பொருள்.

பிளக்கைப் பிடுங்கி முட்களைப் பாருங்கள்: கறுப்பா, பச்சையா, சுற்றிலும் பிளாஸ்டிக் இளகியிருக்கிறதா. தேய்த்துச் சுத்தம் செய்து, ஈரம் தடுக்க டைஎலக்ட்ரிக் கிரீஸ் மெல்லிசாகத் தடவுங்கள். அந்த கிரீஸ் மின்சாரத்தைக் கடத்தாது, ஈரத்தை மட்டும் தடுக்கும். அதனால் சுத்தம் செய்யாமல் மேலே பூசிப் பயனில்லை. வெள்ளை ஒயர் டிரெய்லர் சட்டத்தில் திருகியிருக்கும் இடத்தையும் கழற்றி, பெயின்ட்டும் துருவும் போகச் சுரண்டி, பல் வாஷர் போட்டு முடுக்கி, மேலே பெயின்ட் அடித்துவிடுங்கள்.

மூடும் முன்

எல்லாம் மாட்டியதும் திருகை உடனே முடுக்காதீர்கள். லைட்டுகளைக் கூரையிலிருந்து தொங்கவிட்டபடி ஒரு மணி நேரம் முழுச் சுமையில் எரியவிட்டு, ஒவ்வொரு ஜாயின்ட்டையும் தொட்டுப் பாருங்கள். அறைச் சூட்டைவிட லேசாகக் கதகதப்பு இருக்கலாம், அதற்கு மேல் கூடாது. வோல்ட்டையும் மறுபடி அளங்கள். ஸ்மோக் அலாரத்தின் பட்டனை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். என்னுடையதில் பேட்டரியே இல்லை, வாங்கியதிலிருந்து.

அடுத்த நீண்ட பயணம் முடிந்ததும் இதே அளவுகளை இன்னொரு முறை எடுக்க வேண்டும், ஏனென்றால் கெட்ட கிரிம்ப் ரோட்டில்தான் தன்னைக் காட்டும். அதற்காக ஃபியூஸ் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒரு மாஸ்கிங் டேப் ஒட்டி, ஹெட்லைட் பல்பு சுமையில் எடுத்த எண்களைத் தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன். போன மாதம் எழுதியது: மேசை 0.02, சமையல் 0.02, படுக்கை 0.03, பாத்ரூம் 0.09. போன வருஷம் பாத்ரூம் 0.04-தான் இருந்தது. வரும் சனிக்கிழமை அதைத்தான் கழற்றப் போகிறேன்.